பத்தாம் வகுப்பின் கடைசி ஆறு மாதம்: முதல்முறையாகப் பிள்ளையைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பெற்றோருக்கு

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்புக்குத் தனியாகப் பெற்றோர் கூட்டம் போடுவோம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் 15 வீட்டிலிருந்து வருவார்கள். வந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், எம் புள்ள பாஸாயிருமா?” வராத 25 வீட்டிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “எம் புள்ள பேரு சரியா ஏறியிருக்கா சார்?”

முதல் கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்றே வந்தாலும், ஜூலை வாக்கில் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாம். இரண்டாவது தப்பிப் போனால், பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு தடவை, வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது ஒரு தடவை என்று வாசலில் வந்து நிற்கும். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஆறு மாதத்தில் பிள்ளையின் வேலை படிப்பது, உங்கள் வேலை காகிதம். படிப்பை நாங்களும் பிள்ளையும் பார்த்துக்கொள்வோம். காகிதத்தை நீங்கள் பார்க்காவிட்டால் வேறு யாரும் உங்களைப் போலப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் அந்தப் பட்டியல்

பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களின் விவரங்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் பள்ளி அனுப்ப வேண்டும். இதைப் பெயர்ப் பட்டியல் என்போம். ஆசிரியர்கள் வாயில் ‘நாமினல் ரோல்’. எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவில் உங்கள் பிள்ளையைப் பற்றி என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் இது உருவாகிறது. எமிஸில் இருப்பது எங்கிருந்து வந்தது? ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, நீங்களோ பாட்டியோ சொல்ல, யாரோ ஒரு ஆசிரியர் காதில் விழுந்தபடி எழுதியதிலிருந்து.

இந்த வேலை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடும். ஏதோ ஒரு நாள் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து, “சார் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்று நீட்டும். பெரும்பாலும் காலையில், நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் நீட்டும். அப்போது கையெழுத்துப் போடாதீர்கள். சாயங்காலம் உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழில் பெயர் எப்படி இருக்கிறது? லட்சுமியா, லெட்சுமியா, இலட்சுமியா? மூன்றும் ஒரே பெண்தான் என்று ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா? தலைப்பெழுத்து சரியா? அப்பா பெயர் கணேசன் என்றால் ஒரு தாளில் ‘ஜி’ இருக்கும், இன்னொரு தாளில் ‘கே’ இருக்கும். அப்பா, அம்மா பெயர்கள், பிறந்த தேதி, பயிற்றுமொழி தமிழா ஆங்கிலமா, புகைப்படம் இந்தப் பிள்ளையுடையதுதானா என்று எல்லாவற்றையும் பாருங்கள். புகைப்படம் இடம் மாறி ஏறிய கதைகளும் உண்டு. கடைசியாக, அதில் உள்ள செல்போன் எண் இப்போது உபயோகத்தில் இருக்கிறதா? தேர்வு முடிவு குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்குத்தான் போகும். மூன்று வருஷத்துக்கு முன் தூக்கிப்போட்ட சிம் என்றால் முடிவு வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

தப்பு இருந்தால் அதே தாளில் சிவப்பு மையில் திருத்தி, ஆதார நகலோடு வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் அது நோட்டுக்குள் ஒரு வாரம் தூங்கும். திருத்தத்துக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு வரும். ஆனால் கடைசி வாய்ப்பு முடிந்து மதிப்பெண் சான்றிதழும் அச்சாகிவிட்டால், பிறகு தலைமையாசிரியர் வழியாக இயக்ககத்துக்கு எழுதி, ஆதாரம் மேல் ஆதாரம் கொடுத்து அலைய வேண்டும். நர்சிங் முடித்து வெளிநாடு போகக் கிளம்பிய பழைய மாணவி ஒருத்தி, ஒற்றைக் கொம்புக்காக (லட்சுமி, லெட்சுமி) எங்கள் பள்ளிக்கும் சென்னைக்கும் நடையாய் நடந்தாள். அந்தத் தாளில் அவள் அப்பா கையெழுத்து இருந்தது. அவர் படித்துப் பார்த்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

நியூமராலஜி பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டுவதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. கூட்டினால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மூன்றிலும் கூட்டுங்கள். இல்லையென்றால் எதிலும் வேண்டாம்.

பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்றவை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. இதற்கும் விண்ணப்பம், மருத்துவச் சான்று எல்லாம் பள்ளி வழியாக முன்கூட்டியே போக வேண்டும். மார்ச்சில் வந்து கேட்டால் எங்களால் வருத்தப்பட மட்டுமே முடியும்.

திருப்புதல் தேர்வு மார்க்கைப் பார்த்து அலறாதீர்கள்

ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள் நடக்கும். காலை எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் ஐந்தரை வரை படிப்பு என்று நேரம் நீளும். பிள்ளை களைத்து வரும், மார்க் குறையும். திருப்புதல் தேர்வு என்பதே ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான். அந்த மார்க் எந்தச் சான்றிதழிலும் ஏறாது. அதை வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால், அடுத்த பேப்பரை உங்களிடம் காட்டாமலே கையெழுத்துப் போடப் பிள்ளை கற்றுக்கொள்ளும். உங்கள் கையெழுத்தை உங்களைவிட அழகாகப் போடுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கை மட்டும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாடம், தலா 100, மொத்தம் 500. ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15 வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் பயம் கணக்குப் பாடத்தில்தான். அந்த வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள்: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினாவில் 14க்கு 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணிலும் 14க்கு 10, கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் ஜியாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று. ஜியாமெட்ரியும் கிராஃபும் சேர்த்து 16. இதற்கு ஸ்கேல், காம்பஸ், பொறுமை மூன்றும் இருந்தால் போதும். மூளையைக் கசக்க வேண்டியதில்லை. புக் பேக் ஒன் வேர்டு (பாடத்தின் கடைசியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள்) முழுவதையும் தினம் பார்த்தால் இன்னும் ஒரு பத்து. 35க்கு மீதி எவ்வளவு வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம். ‘கணக்கே வராது’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை நாங்கள் கரையேற்றுவது இந்த வழியில்தான். ஆகவே ஜனவரியில் புது டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். புது ஆசிரியர் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். பிள்ளை இரண்டு பக்கமும் ஓடி இரண்டிலும் தூங்கும். ஒரு நல்ல காம்பஸ் வாங்கிக் கொடுங்கள். திருகு ஆடாத காம்பஸாக.

ஏற்கெனவே தொண்ணூறு எடுக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தூக்கம். ‘சென்டம்’ (நூற்றுக்கு நூறு) எடுக்க வேண்டுமென்று இரவு ஒரு மணிவரை உட்கார வைத்த பிள்ளை, மறுநாள் திருப்புதல் தேர்வில் வினா எண்ணையே மாற்றி எழுதிவிட்டு வரும்.

செய்முறைத் தேர்வு நாளில் காதுகுத்து வேண்டாம்

அறிவியல் செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். சரியாக ஊரில் விசேஷங்கள் குவியும் சமயம். மாசி மகம், குலதெய்வக் கோயில், சித்தி வீட்டுக் காதுகுத்து. “செய்முறைதானே, அப்புறமா செஞ்சுக்கலாம்” என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன வீடுகள் உண்டு. 25 மதிப்பெண் அது. தேதி தெரிந்ததும் காலண்டரில் வட்டம் போடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்து ஆசிரியர் கையெழுத்து வாங்கிவிட்டதா என்று கேளுங்கள். “முடிஞ்சிருச்சும்மா” என்று சொன்னால் நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வருகைப்பதிவும் இதோடு சேர்ந்ததுதான். 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லாமல் நாள் கணக்கில் வராமல் இருந்திருந்தால் மருத்துவச் சான்றிதழை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

போட்டோ, பிரிவு உபசார விழா, மை

பிப்ரவரி கடைசியில் பிள்ளை திடீரென்று பணம் கேட்கும்: குரூப் போட்டோவுக்கு, பிரிவு உபசார விழாவுக்கு, ஆட்டோகிராஃப் நோட்டுக்கு. போட்டோவுக்குக் கொடுத்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்து அவர்கள் தேடப்போவது அதைத்தான். விழாவுக்கு எவ்வளவு என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் வசூலித்துக்கொள்ளும் தொகையும் நாங்கள் சொல்லும் தொகையும் எல்லா வருஷமும் ஒன்றாக இருப்பதில்லை.

கடைசித் தேர்வு முடிந்த அன்று வெள்ளைச் சட்டையில் மை அடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே, அதை எந்தத் தலைமையாசிரியரும் அனுமதிப்பதில்லை, எந்த வருஷமும் அது நிற்பதும் இல்லை. நானே மாணவனாக இருந்தபோது அடித்திருக்கிறேன். இப்போது முட்டை, கலர் பொடி என்று போய், பஸ் ஸ்டாண்டில் கைகலப்பில் முடிகிறது. அதனால் கடைசித் தேர்வு நாளன்று பெற்றோரே வந்து பிள்ளையை அழைத்துச் செல்லச் சொல்லும் பள்ளிகள் உண்டு. உங்களுக்கும் அப்படி ஒரு தகவல் வந்தால் பள்ளிக்கு உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் நின்றால் போதும்.

தேர்வு நாட்கள்

நுழைவுச்சீட்டைப் பள்ளியில்தான் கொடுப்போம். வாங்கியதும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். அதில் தேர்வு மையத்தின் பெயர் இருக்கும். சின்னப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மையம் பக்கத்து ஊர்ப் பள்ளியாக இருக்கலாம். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு நாள், தேர்வுக்குப் போகும் அதே நேரத்தில், அதே பஸ்ஸில் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். ‘எட்டரை பஸ் எப்பவும் வரும்’ என்று நினைத்திருந்தவர்கள், அன்றைக்கு மட்டும் அது வராமல் பைக்கில் லிஃப்ட் கேட்டு வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுப்பார்கள். முதல் 10 நிமிடம் படிக்க. அடுத்த 5 நிமிடம் முகப்புத் தாளில் அச்சாகியிருக்கும் பெயர், பதிவெண், புகைப்படம் எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட. 10.15க்கு எழுதத் தொடங்கினால் 1.15 வரை. அந்தப் பத்து நிமிடம் வெறுமனே உட்காரும் நேரமல்ல. எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் நேரம். இதைப் பிள்ளையிடம் நாங்களும் சொல்வோம், நீங்களும் சொல்லுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை நுழைவுச்சீட்டு, ஒரே நிறத்தில் எழுதும் இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல், கணக்கன்று காம்பஸ் பெட்டி. செல்போன் மையத்துக்குள்ளேயே போகக் கூடாது. “ஆஃப் பண்ணித்தான் சார் வச்சிருந்தேன்” என்பது அங்கே எடுபடாது. விடைத்தாளின் உள்பக்கங்களில் பெயரோ, பள்ளியின் பெயரோ, பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் குலதெய்வத்திடம் வேண்டுதலோ எழுத வேண்டாம்.

ஒரு தேர்வு முடிந்து வந்ததும் வினாத்தாளை வைத்துக்கொண்டு விடை சரிபார்க்கும் வேலையை வீட்டில் யாரும் செய்யாதீர்கள், குறிப்பாகத் தாய்மாமன்கள். போன தேர்வை இனி யாராலும் மாற்ற முடியாது. சோறு போட்டுத் தூங்க வையுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால்? முடிந்தவரை எழுத வைக்கப் பாருங்கள். அம்மை போன்றவை வந்தால் உடனே தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள், தனியாக உட்கார வைத்து எழுத ஏற்பாடு செய்வோம். அறவே முடியாமல் ஒரு தேர்வு விட்டுப் போனால், அதற்கென்று தனியாக இன்னொரு தேர்வு வைக்க மாட்டார்கள். துணைத் தேர்வில் அந்தப் பாடத்தை எழுதலாம்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்

தேர்வு முடிந்து முடிவு வரும்வரை சுமார் ஒரு மாதம். பிள்ளை தூங்கட்டும், கிரிக்கெட் ஆடட்டும். நீங்கள் இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போது விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போய் வர நாளாகும். மே, ஜூனில் ஊரே அங்கே நிற்கும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள சாதிப் பெயரும் சான்றிதழில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். உட்பிரிவின் பெயர் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் கல்லூரிக் கலந்தாய்வில் மறுபடி பட்டியலைத் தோண்டுவார்கள். வருமானச் சான்றிதழுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். அது ஓராண்டுக்குத்தான் செல்லும், தேவைப்படும் நேரத்தில் எடுத்தால் போதும்.

பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரோடு இணைத்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. அந்தப் பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும். அப்பா கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் காத்திருந்த பெண்ணின் கதை எனக்குத் தெரியும்.

இந்த மாதத்திலேயே அடுத்து எங்கே என்பதையும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். பிளஸ் ஒன் என்றால் எந்த குரூப்? பொறியியலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கணிதம் உள்ள குரூப் வேண்டும். மருத்துவம், நர்சிங், வேளாண்மை என்றால் உயிரியல். கணக்கைப் பார்த்தாலே கை நடுங்கும் பிள்ளையை ‘ஃபர்ஸ்ட் குரூப்’ என்ற பெருமைக்காகத் தள்ளாதீர்கள். காமர்ஸ் எடுத்துவிட்டு இன்று உங்கள் தாலுகாவில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவர்களில் எங்கள் மாணவர்களும் உண்டு. கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் பாலிடெக்னிக் மூன்று வருஷம். முடித்துவிட்டுப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம். ஐ.டி.ஐ. இன்னும் சீக்கிரம் சம்பாதிக்கும் வழி. பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேசலாம் என்ற யோசனை எந்த வீட்டிலாவது இருந்தால், அந்த வீட்டுக்கு நான் நேரில்தான் வர வேண்டியிருக்கும். 18 வயதுக்கு முன் அது சட்டப்படி குற்றம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு அழைப்புப் போதும்.

முடிவு வரும் நாள்

மே மாதத்தில் ஒரு காலைப்பொழுது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலோ, சான்றிதழ்களைச் சேமித்து வைக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கரிலோ பார்க்கலாம், குறுஞ்செய்தியும் வரும். முதல் அரை மணி நேரம் இணையதளம் திணறும். பதறாமல் பள்ளிக்கு வாருங்கள், எங்களிடம் மொத்தப் பட்டியலும் இருக்கும். 2017 முதல் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பது நின்றுவிட்டது. ஊரில் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல் போன்றவற்றுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். அவகாசம் சில நாட்கள்தான். எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம் என்பது அந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கும். ஒரு பாடத்தில் மட்டும் மற்றவற்றுக்குச் சம்பந்தமில்லாமல் குறைந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். எல்லாப் பாடத்திலும் பத்துப் பத்தாகக் குறைந்திருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

தேர்ச்சி பெறவில்லை என்றால் அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஒரு வாரம் கழித்து உங்களுக்கே திட்டத் தோன்றாது. உறவுக்காரர்களின் போனை நீங்களே எடுங்கள். பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், அறையை விட்டு வராமல் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலோ 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ எந்த நேரமும் பேசலாம். படிப்பு தொடர்பான சந்தேகங்களுக்கு 14417. மறுநாளே பள்ளிக்கு வந்து துணைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு மாதம் நாங்கள் தனியாக வகுப்பு எடுப்போம், விடுமுறையிலும்.

மாற்றுச் சான்றிதழும் மச்சமும்

உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிந்துவிடுவதால் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு மேல்நிலைப் பள்ளிக்குப் போயாக வேண்டும். டி.சி.யில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஒரு பீரியட் முழுக்க வகுப்பே மச்சம் தேடும். “எனக்கு மச்சமே இல்ல சார்” என்று முகம் வாடி நிற்கிற பிள்ளைக்கு முழங்கால் தழும்பு காப்பாற்றும். சைக்கிளில் விழுந்தது. சிரிப்பாக இருந்தாலும், அந்த வரியைப் பிள்ளை சொன்னதை மட்டும் வைத்து எழுத வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருமுறை பார்த்து, சரியான பக்கத்தை, இடமா வலமா என்று, சொல்லி அனுப்புங்கள்.

டி.சி.யும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழும் வாங்கும் அன்று, ஆபீஸ் அறை வாசலிலேயே நின்று படித்துப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, சாதி, பயிற்றுமொழி. தப்பிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தெருமுனை தாண்டிவிட்டால் அதற்கு ஒரு விண்ணப்பம் வேண்டும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் இன்னொரு காகிதமும் கேட்டு வாங்குங்கள்: தமிழ் வழியில் பயின்றமைக்கான சான்று. 2010இல் வந்த சட்டப்படி அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் காட்டினால் போதாது, பள்ளி வகுப்புகளும் தமிழ் வழி என்று காட்ட வேண்டும். பிள்ளை மூன்று பள்ளி மாறிப் படித்திருந்தால் மூன்றிலும் வாங்க வேண்டும். அதேபோல அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தெந்த வகுப்பு எங்கே படித்தது என்ற சான்று அதற்கும் கேட்பார்கள். பத்தாவது முடித்துவிட்டு மேல்நிலைக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், இந்த 7.5ஐ மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். இரண்டு வருஷத்துக்கு மாற்றினாலும் அது கைவிட்டுப் போகும்.

பிளஸ் ஒன்னில் சேர்ந்த பிறகு ஒரு செய்தி: 2025-26 முதல் அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதனால் அந்த வருஷம் ஓய்வு என்று பிள்ளை சொல்லும். பிளஸ் டூவில் 600 மதிப்பெண்ணுக்கு எழுதுவதற்கு அஸ்திவாரம் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கிறது. நீட் எழுத நினைக்கிறவர்களுக்கு இரண்டு வருஷப் பாடமும் கேள்வியாக வரும்.

அசல் மதிப்பெண் சான்றிதழ் சில மாதம் கழித்து வரும். பள்ளியிலிருந்து போன் வந்ததும் பிள்ளையையே அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து அவர்கள்தான் போட வேண்டும். தயவுசெய்து அதை லேமினேஷன் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள், தெரியும். பின்னால் சரிபார்ப்பில் முத்திரையோ கையெழுத்தோ அதன் மேல் போட வேண்டி வந்தால் பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போய் சான்றிதழே கிழிந்துவிடும். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, பிறப்புச் சான்றிதழ், டி.சி. நகல், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தமிழ் வழிச் சான்று எல்லாவற்றையும் அதில் போட்டு, ஒவ்வொன்றையும் செல்போனில் படமெடுத்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ வையுங்கள். ஃபைலைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தால், பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.